தரவு வந்துவிட்டது, வரைபடம் வரவில்லை

ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் அமைப்புகளில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழகிப்போன ஒன்று. ஓர் அலுவலகம் எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்மேப் மென்பொருளில் பல ஆண்டுகள் உழைத்து ஒரு நிலவியல் வரைபடத்தைத் தயாரித்திருக்கும். இன்னோர் அலுவலகம் கட்டணமில்லாத க்யூஜிஐஎஸ்ஸுக்கு மாறியிருக்கும். முதல் அலுவலகத்திலிருந்து பென்டிரைவில் வந்த ஷேப்ஃபைல் என்ற தரவுக் கோப்புகள் இங்கே மறுபேச்சில்லாமல் திறந்துகொள்ளும். எல்லைகளும் ஆறுகளும் பாறைப் பரப்புகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். பாறை வகைக்கு ஒரு நிறம், பிளவுக்கு ஒரு கோடு, சரிவுக்கு ஒரு குறி என்று செய்திருந்த ஏற்பாடு மட்டும் காணாமல் போயிருக்கும். மென்பொருள் தன் போக்கில் எடுத்த ஏதோ ஒரு நிறத்தில் எல்லாம் தட்டையாகக் கிடக்கும். கூடவே வந்த எல்ஒய்ஆர் என்ற லேயர் கோப்பைத் திறக்கச் சொன்னால் க்யூஜிஐஎஸ் கையை விரித்துவிடும். தரவு பத்திரமாக வந்துவிட்டதே, அலங்காரம்தானே போயிற்று, மறுபடி நிறம் பூசிக்கொள்ளலாம் என்று இதைச் சின்னச் சங்கடமாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. லேயர் கோப்பில் இருப்பது வரைபடத்தின் பொருளிலேயே ஒரு பங்கு. அந்தப் பங்கு சிதையாமல் இன்னொரு மென்பொருளுக்குப் போய்ச் சேருமா என்பது, கோப்பின் அமைப்பை யாராவது எழுதி வெளியிட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. அதை உருவாக்கியது வணிக நிறுவனமா தன்னார்வலர் குழுவா என்பது அடுத்த கேள்விதான்.

லேயர் கோப்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதில் தரவே இல்லை என்பது. ஓர் ஆறு எங்கே ஓடுகிறது என்ற விவரம் ஷேப்ஃபைலிலோ ஜியோடேட்டாபேஸிலோ இருக்கும். அந்தத் தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்ற முகவரியும், அதை எப்படி வரைய வேண்டும் என்ற கட்டளைகளும்தான் லேயர் கோப்பில் இருப்பவை. எந்தப் பத்தியில் உள்ள மதிப்பைப் பார்த்து நிறம் தர வேண்டும், எந்தப் பதிவுகளைக் காட்டாமல் விட வேண்டும், எந்த அளவுகோலுக்கு மேலே லேயர் மறைய வேண்டும், பெயர்களை எந்தப் பத்தியிலிருந்து எடுத்து எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் உண்டு. சில கிலோபைட் அளவுள்ள லேயர் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வரைபடத்தையே அனுப்பிவிட்டதாக நினைப்பது அடிக்கடி நடக்கிறது. அந்தத் தவறுக்கு மென்பொருள் பொறுப்பல்ல. தரவையும் சேர்த்துக் கட்டி அனுப்ப லேயர் பேக்கேஜ் என்ற தனி வடிவம் இருக்கிறது.

அலங்காரம் என்று ஒதுக்கப்படும் இந்தக் கட்டளைகள் எவ்வளவு தூரம் பொருளைத் தாங்குகின்றன என்பதற்கு நிலவியலிலிருந்தே ஒரு சான்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். படிவுப் பாறைகள் சாய்ந்து கிடக்கும் இடத்தில் நிலவியலாளர் இரண்டு கோணங்களை அளக்கிறார். ஒன்று பாறைத்தளம் கிடைமட்டத்தை வெட்டும் கோட்டின் திசை, மற்றொன்று தளம் சரியும் கோணம். வரைபடத்தில் இதற்கு ஒரு நீளக் கோடும் அதன் நடுவிலிருந்து சரிவுப் பக்கமாக நீட்டிய ஒரு குட்டிக் கோடும் போடுவார்கள். கோட்டின் திசையைப் பார்த்து நின்றால் சரிவு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் வழக்கம். தரவு அட்டவணையில் திசைக்கு இருப்பது ஓர் எண் மட்டுமே. 120 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை எப்படி எண்ணுவது? வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் கோடு தென்கிழக்கைப் பார்க்கும், சரிவு தென்மேற்கே. கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணினால் அதே 120 வடமேற்கைப் பார்க்கும்; சரிவு வடகிழக்கே. ஆர்க்மேப் இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது. எந்த முறை என்ற தேர்வு தரவில் இல்லை, லேயர் அமைப்பில்தான் பதிவாகிறது. க்யூஜிஐஎஸ்ஸோ சுழற்சியை வலஞ்சுழியாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே லேயர் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் எண்ணை வைத்துக் குறிகளைச் சுழற்றினால், தென்மேற்கே சரியும் பாறை வடகிழக்கே சரிவதாகவோ, வடகிழக்கே சரிவது தென்மேற்கே சரிவதாகவோ அச்சாகிவிடலாம். வரைபடம் பார்வைக்கு அழகாகவே இருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. அதை நம்பி நிலத்தடி நீரோ கனிமமோ தேடுகிறவர்தான் விலை கொடுப்பார்.

இனி, எழுதி வெளியிடுவது என்ன வேறுபாட்டைச் செய்கிறது என்று பார்ப்போம். இதற்கு எஸ்ரியின் வரலாறே நல்ல சோதனைக்கூடம். ஒரே நிறுவனம் வெவ்வேறு காலங்களில் இரண்டு வழிகளிலும் போயிருக்கிறது. 1969-ல் ஜாக் டேஞ்சர்மாண்டும் லாரா டேஞ்சர்மாண்டும் கலிஃபோர்னியாவின் ரெட்லாண்ட்ஸில் தொடங்கிய இந்த நிறுவனம், தன் ஷேப்ஃபைல் வடிவத்தின் தொழில்நுட்ப விவரத்தை 1998 ஜூலையில் பொதுவில் வெளியிட்டது. அந்த வடிவம் நேர்த்தியானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 100 பைட் கொண்ட தலைப்புப் பகுதியில் முதலில் வரும் 9994 என்ற அடையாள எண் ஒரு பைட் வரிசையிலும், சற்றுத் தள்ளி வரும் பதிப்பு எண்ணான 1000 அதற்கு நேர்மாறான வரிசையிலும் எழுதப்பட்டிருக்கும். பண்புகளுக்கு டிபேஸ் காலத்து அட்டவணையே கதி. பத்தியின் பெயருக்கு 10 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிப்பதால் ‘மாவட்டம்’ என்று பத்திக்குப் பெயர் வைக்க நினைத்தால் ‘மாவ’ என்பதோடு இடம் தீர்ந்துவிடும். தமிழில் அட்டவணை வைத்திருப்பவர்கள் இந்த வடிவத்தின் மீது கோபப்பட நியாயம் உண்டு. ஆனால் இத்தனை குறைகளும் எழுத்தில் இருந்தன. எந்த எண் எந்த வரிசையில் இருக்கும் என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய ஜிடிஏஎல் என்ற திறமூல நிரல் நூலகமும், 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கிய க்யூஜிஐஎஸ்ஸும், வேறு எத்தனையோ மென்பொருள்களும் இதைத் தயக்கமின்றிப் படிக்கவும் எழுதவும் செய்தன. வடிவம் அசிங்கமாக இருப்பது பெரிய தடையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்து வந்த ஃபைல் ஜியோடேட்டாபேஸின் கதை வேறு. 2006-ல் ஆர்க்ஜிஐஎஸ் 9.2-உடன் அறிமுகமான இந்த வடிவம் ஷேப்ஃபைலின் குறைகள் பலவற்றைத் தீர்த்தது, ஆனால் அதன் உள்ளமைப்பு வெளியிடப்படவில்லை. 2011-ல் எஸ்ரி ஒரு நிரல் நூலகத்தைத் தந்தது. கோப்பைப் படிக்கலாம், எப்படிப் படிக்கிறது என்று பார்க்க முடியாது. ஜிடிஏஎல்லின் முதன்மைப் பராமரிப்பாளரான பிரான்ஸ் நாட்டு நிரலாளர் எவென் ரூவோ கோப்புகளை ஆராய்ந்து அமைப்பைக் கண்டுபிடித்து, எழுதியும் வைத்தார். 2014-ல் வந்த ஜிடிஏஎல் 1.11 எஸ்ரியின் நூலகம் இல்லாமலே அதைப் படித்தது. அதே வடிவத்தில் எழுதும் திறன் 2022-ல் 3.6 பதிப்பில்தான் வந்தது. ஷேப்ஃபைலுக்கு ஓர் ஆவணம் செய்த வேலையை இங்கே செய்து முடிக்க 16 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஆனாலும் முடிந்தது. தரவைப் பொறுத்தவரை இன்றைக்குப் பெரிய முட்டுக்கட்டை இல்லை என்று சொல்லிவிடலாம்.

எல்ஒய்ஆர் கோப்பு இதைவிடப் பிடிவாதமானது. அது மைக்ரோசாஃப்டின் காம் தொழில்நுட்பத்தின் மேல் கட்டியது. பழைய வேர்ட் ஆவணங்களைப் போன்ற ஒரு கூட்டுக் கோப்புக்குள், மென்பொருளின் நினைவகத்தில் இருந்த பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்களைத் தாங்களே எழுதிக்கொண்டவை. ஒவ்வொரு பொருளும் 16 பைட் அடையாளத்தோடு தொடங்கும். அதன் பின் எத்தனை எண்கள், எந்த வரிசையில் வரும் என்பது அந்தப் பொருளை எழுதிய நிரலுக்கு மட்டுமே தெரியும். பொருள் எங்கே முடிகிறது என்று பொதுவாக வெளியில் குறித்திருக்காது. எனவே நடுவில் ஒன்று புரியாவிட்டால் அதைத் தாண்டிக் குதித்து அடுத்ததைப் படிக்க வழியில்லை, அங்கேயே நிற்க வேண்டியதுதான். இத்தகைய கோப்பை உடைத்துப் படிக்கும் முறை பொறுமையைச் சோதிப்பது. ஒரு புள்ளிக் குறியை 4 பாயிண்ட் அளவில் வைத்துச் சேமிக்க வேண்டும். அளவை மட்டும் 5 ஆக்கி இன்னொரு கோப்பாகச் சேமிக்க வேண்டும். இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டால் ஓரிடத்தில் 10 40 என்று முடியும் எட்டு பைட், மற்றதில் 14 40 என்று மாறியிருக்கும். 4-ம் 5-ம் இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளி எண்களாகப் பதிவாகும் விதம் அதுதான். ஆக, குறியின் அளவு இருக்குமிடம் தெரிந்துவிட்டது. இப்படி நூற்றுக்கணக்கான பண்புகள், அவற்றின் ஒவ்வொரு பதிப்புக்கும். நிறத்தில் இன்னொரு சூழ்ச்சி. சிவப்புக்கு 255 என்று தேடினால் அகப்படாது. ஆர்க்மேப் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று காட்டும் நிறத்தைக் கோப்பில் 1976-ல் வகுக்கப்பட்ட லேப் நிற வெளியின் மூன்று எண்களாக மாற்றி எழுதுகிறது. பிரகாசத்துக்கு ஒன்று, சிவப்பு–பச்சை அச்சுக்கு ஒன்று, மஞ்சள்–நீல அச்சுக்கு ஒன்று. இதை ஊகிக்க நிரல் தெரிந்தால் போதாது, நிற அறிவியலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் காட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தவர்களில் முக்கியமானவர் க்யூஜிஐஎஸ் உருவாக்குநர்களில் ஒருவரான நயால் டாசன். ஆஸ்திரேலியாவின் நார்த் ரோடு நிறுவனத்தில் அவர் உருவாக்கிய ஸ்லையர் என்ற நீட்சி, எல்ஒய்ஆர் கோப்புகளையும் ஆர்க்மேப்பின் எம்எக்ஸ்டி திட்டக் கோப்புகளையும் குறியீட்டுத் தொகுப்புகளையும் க்யூஜிஐஎஸ்ஸுக்கு மாற்றித் தருகிறது. அந்தக் குறியீட்டுத் தொகுப்பு உண்மையில் ஒரு மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் தரவுத்தளம். அதற்குள் ஒவ்வொரு குறியும் மேலே சொன்ன அதே பைனரி மூட்டை. உழைப்பின் செலவை ஈடுகட்ட உரிமங்களை விற்று, வருவாய் இலக்குகளை எட்ட எட்டப் பகுதிகளை இலவசப் பதிப்புக்குத் திறந்துவிடும் ஏற்பாட்டை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். திறமூல உலகில் இப்படிக் காசு வாங்குவது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு நிறுவனம் எழுதாமல் விட்ட ஆவணத்தை வெளியிலிருந்து மீட்டெடுக்கும் வேலைக்கு யாராவது கூலி கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அத்தனையும் செய்த பிறகும் எட்டாதது ஒன்று உண்டு. எஸ்ரியின் புள்ளிக் குறிகள் பல, எழுத்துருக்களிலிருந்து எடுத்தவை. கோப்பில் இருப்பது எழுத்துருவின் பெயரும் எழுத்தின் எண்ணும் மட்டுமே. பாமினியில் தட்டச்சிட்ட கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து ஆங்கில எழுத்துகளின் குப்பையைப் பார்த்திருப்பவர்களுக்கு மேலும் விளக்க வேண்டாம். கிணற்றுக்கான குறி இருந்த இடத்தில் ஏதோ ஓர் எழுத்து நிற்கும். எழுத்துருவை உடன் அனுப்பலாமா என்றால் அங்கே வேறோர் உரிமம் குறுக்கே வரும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே எஸ்ரி தன் குறியீட்டு முறையை வலைச் சேவைகளுக்காக ஜேசன் எழுத்து வடிவில் விவரித்து, 2010-ல் அந்தச் சேவைகளின் விவரக்குறிப்பைப் பொதுவில் வைத்தது. அதைச் சர்வதேசத் தரநிலையாக்க, புவியியல் தரவுக்கான தரநிலைகளை வகுக்கும் ஓஜிசி அமைப்பில் எடுத்த முயற்சிக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு நிறுவனத்தின் வழக்கத்துக்கு முத்திரை குத்துவதா என்று கேட்டார்கள். 2013-ல் எஸ்ரி முன்மொழிவைத் திரும்பப் பெற்றது. ஆக, அது தரநிலை ஆகவில்லை. இருந்தும் இன்று க்யூஜிஐஎஸ் அந்தச் சேவைகளோடு எந்த நீட்சியும் இல்லாமல் நேரடியாக இணைந்து, வகைவாரியான நிறங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. 2015-ல் வந்த ஆர்க்ஜிஐஎஸ் புரோவின் எல்ஒய்ஆர்எக்ஸ் கோப்பும் ஜேசன்தான். நோட்பேடில் திறந்தால் மனிதரே படிக்கலாம். சுழற்சி வலஞ்சுழியா என்பதற்கு அதில் தனியாக ஒரு பெயரிட்ட புலமே இருக்கிறது. அதன் அடிப்படையான வரைபட மாதிரியின் விவரத்தை எஸ்ரியே கிட்ஹப்பில் வெளியிட்டிருக்கிறது. விளைவு, எல்ஒய்ஆர்எக்ஸ்ஸைப் படிக்கும் திறமூல மாற்றிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. பழைய எல்ஒய்ஆருக்கு ஆர்க்மேப்பின் துணையில்லாமல் இயங்கும் மாற்றி என்று சொன்னால் ஸ்லையரைத் தவிர வேறொன்று சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. நிறுவனம் அதே, குறிகளும் பெரும்பாலும் அவையே. மாறியது ஆவணம் ஒன்றுதான்.

பணம் போட்டு உருவாக்கிய நிறுவனம் தன் கோப்பின் அமைப்பை ஏன் போட்டியாளருக்குக் காட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கட்டாயப்படுத்தி வாங்க வேண்டும் என்பது இங்கே வாதமல்ல. ஆனால் வெளியிட்டால் வியாபாரம் போய்விடும் என்ற அச்சத்தை ஷேப்ஃபைலின் வரலாறு ஆதரிக்கவில்லை. ஆவணம் வெளியாகிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பின்னும் இந்தத் துறையின் மிகப் பெரிய நிறுவனம் எஸ்ரிதான். தவிர, மென்பொருள் நிறுவனத்துடையது என்றால், அதில் வரைந்த வரைபடம் வரைந்தவருடையது. எந்தப் பாறைக்கு எந்த நிறம் என்று முடிவெடுத்தது எஸ்ரியின் நிரல் இல்லை. அப்படியானால் உடைத்துப் படிப்பது சட்டத்துக்குப் புறம்பா? இசைந்தியங்கும் தேவைக்காக நிரலை ஆராய்வதற்கு ஐரோப்பா 1991-லேயே சட்டத்தில் இடம் கொடுத்தது. கோப்பு வடிவங்கள் நிரலுக்கான பதிப்புரிமைக்குள் வராது என்று 2012-ல் எஸ்ஏஎஸ் நிறுவன வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், நிரலை முறைப்படி வைத்திருப்பவர் அந்தத் தேவைக்கான விவரத்தை வேறு வழியில் எளிதாகப் பெற முடியாதபோது இதைச் செய்ய இடம் தருகிறது. உரிம ஒப்பந்தங்களின் பொடி எழுத்து இதை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது வழக்கறிஞர்களுக்குச் சோறு போடும் கேள்வி.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எவ்வளவு எழுதி வைத்தாலும் ஒரு மென்பொருளின் வரைபடம் மற்றொன்றில் அச்சு அசலாக வராது, காரணம் வரையும் இயந்திரங்களே வேறு. இது உண்மை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் ஒதுக்கும் வேலைக்கு ஆர்க்ஜிஐஎஸ்ஸில் மாப்லெக்ஸ், க்யூஜிஐஎஸ்ஸில் பால் என்று இரண்டு தனித்தனி இயந்திரங்கள். ஒரே அமைப்பைக் கொடுத்தாலும் ஊர்ப் பெயர்கள் வேறு வேறு இடங்களில் போய் உட்காரும். ஆர்க்மேப்பில் பெயரைக் கட்டமைக்க விபிஸ்கிரிப்டில் எழுதிய நாலு வரி நிரலை க்யூஜிஐஎஸ்ஸின் கோவை (எக்ஸ்பிரஷன்) மொழிக்குத் தானாக மொழிபெயர்ப்பது சில நேரம் முடியும், சில நேரம் முடியாது. ஆனால் இந்த ஆட்சேபம் காட்டுவது மாற்றத்தின் எல்லையைத்தான். விவரம் எழுத்தில் இருக்கும்போது எது மாறியது, எது விடுபட்டது என்று மாற்றி பட்டியல் கொடுக்க முடியும். இல்லாதபோது விடுபட்டது விடுபட்டது என்றே தெரியாது. பெயர் அரை அங்குலம் தள்ளி விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். 120 என்ற எண் தப்பான பக்கம் சுழன்றால் தெரியாது.

திறமூலத்தை விரும்புகிறவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. க்யூஜிஐஎஸ்ஸின் சொந்த க்யூஎம்எல் பாணிக் கோப்பு மட்டும் என்ன வாழ்கிறது? அதற்கும் முறையான விவரக்குறிப்பு கிடையாது. பதிப்புக்குப் பதிப்பு வளர்கிறது. நடைமுறையில் அதை முழுமையாகப் புரிந்துகொள்வது க்யூஜிஐஎஸ் ஒன்றுதான். ஜியோசர்வர் போன்ற மற்றொரு திறமூல மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஓஜிசியின் எஸ்எல்டி தரநிலைக்கு மாற்ற வேண்டும், அங்கே பல நுணுக்கங்கள் உதிர்ந்துவிடும். எல்லாருக்கும் பொதுவான வடிவம் என்பது எல்லாராலும் முடிகிற குறைந்த அளவுக்கே நிற்கும் என்பது எஸ்எல்டியின் இருபதாண்டு அனுபவம். வித்தியாசம், க்யூஎம்எல்லைப் படிக்க விரும்புகிறவருக்கு அதை எழுதும் நிரல் கண்முன்னே கிடக்கிறது, நிரலே ஆவணமாகிவிடுகிறது. சுமாரான ஆவணம்தான். ஆனால் பைட் பைட்டாக ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. திறமூலம் என்ற பெயர்ப் பலகை மாட்டியவுடன் இசைவு வந்துவிடாது என்பதைப் பிரச்சாரகர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

இதெல்லாம் இப்போது அவசரமாவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆர்க்மேப்புக்கான ஆதரவு முடியும் நாளாக எஸ்ரி அறிவித்தது 2026 மார்ச் 1. அதன் இடத்துக்கு வந்த ஆர்க்ஜிஐஎஸ் புரோ பழைய எல்ஒய்ஆரையும் எம்எக்ஸ்டியையும் உள்ளே எடுத்துக்கொள்ளும்; ஆனால் ஆக்ஸஸ் தரவுத்தளத்தில் அமைந்த பழைய பெர்சனல் ஜியோடேட்டாபேஸை ஏற்காது. ஒரு காலத்தில் அலுவலகம் அலுவலகமாகப் பரிந்துரைக்கப்பட்ட வடிவம் அது. அதை இன்றைக்கும் ஜிடிஏஎல் வழியாகத் திறக்க முடிகிறது. எஸ்ரியின் கோப்பை எஸ்ரியின் புது மென்பொருள் கைவிட, திறமூல நூலகம் படித்துத் தருகிறது. எல்ஒய்ஆர் கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு எதிர்த்திசையில் ஒரு வழி இருக்கிறது. அந்தக் கோப்பை நன்றாகப் புரிந்துகொள்வது எஸ்ரியின் நிரலே என்பதால், ஆர்க்ஜிஐஎஸ் புரோ உரிமம் கையில் இருக்கும்வரை ஒவ்வொன்றையும் அதில் திறந்து எல்ஒய்ஆர்எக்ஸ்ஸாகச் சேமித்துவிடலாம். பிறகு க்யூஜிஐஎஸ்ஸுக்குக் கொண்டுபோவது எழுத்தில் உள்ள விவரத்தை வைத்துச் செய்யும் வேலையாகிவிடும். ஆர்க்மேப் வரைந்த அதே தாளைப் பிடிஎஃப்பாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுழலும் குறிகளில் பத்தையாவது கோணமானி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சுழற்சி எந்தத் திசையில் எண்ணப்பட்டது என்பதைத் தரவு அட்டவணையிலேயே ஒரு பத்தியாகச் சேர்க்கலாம். பத்திப் பெயரை 10 பைட்டுக்குள் அடக்க வேண்டாம் என்றால் தரவை ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்தில் வைக்கலாம்.